செய்திக்கும் ஒரு வேளை இருந்தது

எண்பதுகளில் தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் செய்திக்கு வேளை இருந்தது. காலை ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணி. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் கேட்டதும் திண்ணையில் பேச்சு நின்றுவிடும். செய்தி முடிந்ததும் மாமா ரேடியோவை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் கிளம்பிவிடுவார். முற்பகலில் சைக்கிளில் தபால்காரர் வருவார். பேப்பர் டவுனிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பொழுது சாய்ந்தபின் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி. அதற்கு மேல் உலகத்தில் என்ன நடந்தாலும் மறுநாள் காலைதான் எங்களுக்குத் தெரியும்.

அதனால் யாரும் உலகம் தெரியாதவர்களாக இருந்துவிடவில்லை. 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம் காவிரி டெல்டாவின் விவசாயத்தையே மாற்றியிருக்கிறது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தை இங்குள்ள விவசாயிகள் வானொலியில் கேட்டுத்தான் அறிந்தார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். இரவில் கேட்டதை மறுநாள் டீக்கடையில் பேசினார்கள். பக்கத்து ஊரில் யார் நாற்று விட்டிருக்கிறார் என்று விசாரித்தார்கள். பிறகுதான் விதை வாங்கினார்கள். கேட்பதற்கும் முடிவெடுப்பதற்கும் நடுவே ஓர் இரவாவது இருந்தது. அந்த இரவைத்தான் இன்று நாம் தொலைத்திருக்கிறோம்.

நாங்கள் சென்னைப் பிள்ளைகள். பரீட்சை முடிந்த கையோடு எழும்பூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி ஊருக்கு வந்துவிடுவோம். வந்து சேர்ந்ததற்கு அம்மா ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதிப் போடுவார். சென்னையில் அப்பா கைக்கு அது போய்ச் சேரும்வரை எங்களைப் பற்றி அவருக்கு ஒரு தகவலும் கிடையாது. தந்தி வரவில்லை என்றால் எல்லோரும் நலம் என்று அர்த்தம். பத்தாம் வகுப்பு எழுதியவர்களுக்கு மட்டும் விடுமுறை நிம்மதியாகக் கழியாது. ரிசல்ட் வரும் நாளில் மாலைப் பத்திரிகைக் கட்டு இறங்கும் பஸ்ஸுக்காக ஊர்ப் பையன்கள் எல்லோரும் ரோட்டில் நிற்பார்கள். ஒரே பேப்பரைப் பத்துத் தலைகள் சூழ்ந்துகொண்டு நம்பரைத் தேடும்.

மே மாதத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணை 1934-ல் வந்தது முதல் டெல்டாவின் நாட்காட்டி அதைப் பார்த்தே நகர்கிறது. வழக்கமான கணக்கில் ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. இடைப்பட்ட கோடையில் எங்கள் குடமுருட்டி ஆறு முழுக்க மணல்தான். வெயில் தாழ்ந்ததும் நாங்கள் அங்கே ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழம் வரை கையாலேயே பறித்தால் மணல் ஈரமாகும். இன்னும் கொஞ்சம் பறித்தால் அடியில் தண்ணீர் கசியும். முதலில் ஊறுவது கலங்கல். அதைக் கொட்டாங்கச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுபடி ஊறும், மறுபடி இறைக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது தடவையில்தான் அடிமணல் தெரியும் தெளிந்த தண்ணீர் கிடைக்கும். அவசரப்பட்டுக் கையை விட்டவன் எல்லோரிடமும் திட்டு வாங்குவான். காத்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டோம். யார் வீட்டுக்கு யார் என்ன முறை, எந்த மடை யாருக்கு, எந்த வருஷம் புயல் வந்தது என்று எனக்குத் தெரிந்த குடும்பக் கதைகளில் பாதி அந்த மணலில் கேட்டவை.

இன்று எல்லாம் தலைகீழ். அன்று செய்தி குறைவான இடத்துக்கு விடுமுறைக்குப் போனோம். போனபின் செய்திக்கு ஏங்கினோம். இன்று செய்தியிலிருந்து தப்பிக்க ஊருக்குப் போகிறோம். ஊர் நமக்கு முன்பே அதில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலையை உடைத்தபின், சென்னைக்கும் எங்கள் பக்கத்துப் பாபநாசத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு வெளிச்சம்.

போன கோடையில் ஊருக்குக் கிளம்பும் முன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். மகளும் சம்மதித்தாள். மாமா மகனிடம் சொன்னேன். இப்போது வயலைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னது இது: “நல்ல காரியம் அத்தான். ஆனா என்னால முடியாது. மேட்டூர்ல எத்தனை அடி, எவ்வளவு வரத்துன்னு காலையில எங்க குரூப்லதான் பார்க்கணும். அறுப்பு நேரத்துல மிஷின் எங்க நிக்குது, கொள்முதல் நிலையத்துல எப்ப மூட்டை எடுக்கறாங்க, எல்லாம் இதுலதான். ஈரப்பதம் பதினேழுக்கு மேல போயிடக் கூடாதுன்னு நெல்லைக் காயவச்சிட்டு, மழை வருமான்னு இதைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 2022-ல் மேட்டூர் அணை மே 24-ம் தேதியே திறக்கப்பட்டது. நாடு விடுதலை அடைந்தபின் மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டுகளில் ஒருமுறை ஜூன் 12, ஒருமுறை ஜூலை கடைசி. தேதியே நிலையில்லாத ஆற்றை நம்பி நாற்று விடுகிறவருக்குக் கைபேசி பொழுதுபோக்கு ஆகாது. தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதும் டெல்டாவுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லாமல் பெற்றவர்கள் தவித்தார்கள். அந்த மௌனத்தில் ஓய்வு எதுவும் இல்லை.

ஆகவே கைபேசி பாவம், கிராமம் புண்ணியம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் மாமாவின் ரேடியோவும் ஒரு ஊடகம்தான். ஆனால் அதற்கு நேரம் உண்டு. நேரம் முடிந்ததும் அது அவரை விட்டது. பாசனத்தில் முறை வைப்பது போன்றது இது. தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மடையைத் திறந்தே போட்டால் பயிர் அழுகும். கைபேசிக்குள் வரும் செய்திக்கு யாரும் முறை வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்பதுதான் அதைச் செய்தவர்களின் வியாபாரம்.

முறை வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். 2022-லிருந்து அங்கே தினமும் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். ஒன்றரை மணி நேரம் டிவியும் கைபேசியும் ஓய்வெடுக்கும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். அமெரிக்காவில் 2018 தேர்தலை ஒட்டி, ஃபேஸ்புக் பயன்படுத்துகிறவர்கள் சிலரை நான்கு வாரம் அதிலிருந்து விலகி இருக்கச் செய்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2020-ல் அதன் முடிவுகள் வெளியாயின. விலகி இருந்தவர்களுக்கு அன்றாடச் செய்தி அறிவு கொஞ்சம் குறைந்தது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் நேரில் கழித்த பொழுது கூடியது. மனநிலையும் சற்றே மேம்பட்டது. இழப்பும் உண்டு, வரவும் உண்டு. வரவு வேண்டுமா என்பதே கேள்வி.

எனக்கு வேண்டியிருந்தது. மகளை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். பல இடங்களில் மணல் போய்விட்டது. நாணலும் கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. மணல் மிச்சமிருந்த ஒரு திட்டில் மாமா மகன் தோண்டிக் காட்டினார். அன்றைவிட ஆழம் போக வேண்டியிருந்தது. கலங்கல் தெளியும்வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். “மாமா, நீங்க சின்ன வயசுல இங்க குளிப்பீங்களா?” என்று மகள் ஆரம்பித்தாள். அவர் தன் தாத்தா காலத்து வெள்ளத்தில் தொடங்கி, மகன் துபாய்க்குப் போன கதை வரைக்கும் சொன்னார். அந்த மகனைப் பற்றிய வருத்தத்தை அவர் அதுவரை எங்களிடம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவன் போடும் படங்களுக்கெல்லாம் நான் விருப்பக்குறி இட்டிருக்கிறேன். அவன் அப்பாவின் மனது எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். போன் அழைப்பு இருக்கட்டும், அவசரத்துக்கு வேண்டும். சமூக ஊடகத்துக்கு மட்டும் ஒரு வேளை குறியுங்கள், அந்தக் கால ரேடியோவுக்குக் குறித்ததுபோல. எடுக்கிற படங்களைத் திரும்பி வந்தபின் போடலாம். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுகளாக அங்கேதான் நிற்கிறது, ஒரு வாரத்தில் எங்கும் போய்விடாது. ஆனால் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் வயதாகிறது. அவர்கள் பேச ஆரம்பிக்கும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.