லம்பாக் அங்கிள்

மலேசியாவின் குளுவாங்கில் உறவுக்காரர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்க முடியாது. கோலாலம்பூரிலிருந்து வந்த மருமகன், சிங்கப்பூரிலிருந்து வந்த சம்பந்தி, கல்யாணத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சித்தப்பா, யாராக இருந்தாலும் சரி, ஆறு மணிக்கே போர்வையை உருவி, "பசியாறல் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல மலை" என்று கிளப்பிவிட ஒரு பெரியவர் அந்த வீட்டில் இருப்பார். வீட்டுக்கு வீடு ஆள் வேறு, பேர் வேறு, குணம் ஒன்றுதான். நாம் அவரை லம்பாக் அங்கிள் என்று கூப்பிடுவோம்.

வயது அறுபதைத் தாண்டியவர். தோட்டத்தில் கிராணியாகவோ, ஏதாவது இலாகாவில் குமாஸ்தாவாகவோ இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் வங்கிக்காரன் இலவசமாகக் கொடுத்த தொப்பி. காலில் 'கம்போங் அடிடாஸ்', அதாவது பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. நானூறு வெள்ளிக்கு மலையேற்றச் சப்பாத்து வாங்கி மாட்டிக்கொண்டு வரும் மருமகனை மேலும் கீழும் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். முதல் வழுக்குப் பாறையில் மருமகன் உட்கார்ந்த பிறகுதான் தன் காலைத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டுவார். இந்த ஒரு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம். ஈர மண்ணிலும் வேரிலும் அந்த மலிவுச் சப்பாத்து பிடிக்கிற பிடியை வேறெதுவும் பிடிப்பதில்லை.

குளுவாங்கின் அந்த மலை, குனோங் லம்பாக்கின் உயரம் 510 மீட்டர். அங்கிள் மீட்டரில் பேசமாட்டார். "ஆயிரத்து அறுநூத்தி எழுபத்து மூணு அடி" என்பார். மலை அதேதான், எண் மட்டும் மூன்று மடங்கு. பட்டணத்திலிருந்து மலையடிவாரத்துக்குக் காடியில் பத்து நிமிஷம் என்பார், அது ஏறக்குறைய உண்மை. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வரப்போகும் பத்து நிமிஷங்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

சாதாரணமாக நடக்கிறவருக்கு உச்சிக்குப் போக ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். இதை முன்கூட்டியே சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்பது அங்கிளுக்குத் தெரியும். அதனால் கேட்கும்போதெல்லாம் "இந்தா, பத்தே நிமிஷம்லா." கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டாலும் அதே பத்து. வேர்கள் படிக்கட்டாகவும் கயிறு கைப்பிடியாகவும் மாறும் செங்குத்தான இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய தமிழ்நாட்டுச் சித்தப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்று, "ஏம்ப்பா, ஒங்க ஊர்ல நிமிஷத்துக்கு எத்தனை செகண்டு?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. "மூச்ச வீணாக்காதீங்க சித்தப்பா" என்று பதில் வந்ததாம்.

அங்கிளுக்கும் மூச்சு வாங்கும். ஆனால் களைப்பு என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. திடீரென்று நிற்பார், இடுப்பில் கை வைப்பார், வரலாறு தொடங்கும். சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு நீளம் வரலாறு. லேசான ஏற்றத்தில், ஊர்ப்பெயருக்குக் காரணமான பழந்தின்னி வௌவால்கள். கொஞ்சம் கூடினால், 1909இல் ஜொகூர் பாரு வரைக்கும் தண்டவாளம் போட்டு முடித்த கதை. கயிறு கட்டிய இடம் வந்துவிட்டால் உலகப் போரே வந்துவிடும்: 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் குளுவாங்குக்கு வந்தது, பக்கத்து நியோரில் சீக்கியப் படை துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து அவனை அடித்தது. கேட்கிறவர்கள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே, போர் இன்னும் கொஞ்சம் நீளாதா என்று வேண்டிக்கொள்வார்கள். பாடம் நடக்கும்போதே எழுபது வயதுச் சீனப் பாட்டி ஒருவர், கையில் மடக்கிய குடையோடு, எல்லாரையும் ஒதுக்கிக்கொண்டு மேலே போய்விடுவார். "அவங்க டெய்லி வர்றாங்க. நாம கெஸ்ட்டோட வந்துருக்கோம்" என்று அங்கிள் விளக்கம் தருவார்.

அங்கிளுக்கு உலகத்தில் உள்ள மலையெல்லாம் லம்பாக்குக்குக் கீழேதான். லண்டனில் இருக்கும் அக்கா மகன் மத்தியதரைக் கடலில் உள்ள கிரீட் தீவுக்கு விடுமுறைக்குப் போய், சமாரியா பள்ளத்தாக்கில் நடந்துவிட்டு, அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டான்.

"எவ்ளோ தூரம்டா?"

"பதினாறு கிலோமீட்டர், மாமா."

"பரவால்லயே. எத்தனை மணி நேரம் ஏறுனே?"

"ஏறல மாமா. மேல பஸ்ல கொண்டாந்து விட்டுட்டாங்க. அங்கேருந்து கடல் வரைக்கும் எறக்கம்தான்."

அங்கிள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டிக்கெட்டு வாங்கிட்டா எறங்குனே?" என்றார். ஆமாம் என்றான். கடற்கரைக் கிராமத்துக்குச் சாலை கிடையாது, படகுக்கும் தனி டிக்கெட் என்றான். அங்கிள் மனைவியைக் கூப்பிட்டு, "கேட்டியா, காசு கட்டி எறங்கிட்டு, திரும்பி வரவும் காசு கட்றானாம்" என்றார். பள்ளத்தாக்கின் இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். ஓரிடத்தில் வழியின் அகலம் கிட்டத்தட்ட நான்கு மீட்டராகச் சுருங்கிவிடும். அதைக் காட்ட அவன் போனைத் திருப்பிப் பிடித்தபோது அங்கிள் கண்ணில் பட்டது கொம்பு வளைந்த ஓர் ஆடு. கிரி கிரி என்ற அபூர்வ மலையாடு அது. 1962இல் அந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக்கியதே முக்கியமாக அதைக் காப்பாற்றத்தான் என்று பையன் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆடு பாக்கவாடா கிரீஸுக்குப் போனே? நம்ம ஊரு ஆட்டுப் பண்ணை, யூகே ஃபார்ம்ல எவ்ளோ ஆடு வேணும்?" என்று அங்கிள் பேச்சை முடித்துவிட்டார்.

இத்தனைக்கும், அதே குளுவாங் மாவட்டத்தில் 1,010 மீட்டர் உயரத்தில் குனோங் பெலுமுட் நிற்கிறது. அங்கிள் அதன் அடிவாரத்து ஆற்றில் குளித்திருக்கிறார், நாசி லெமாக் பொட்டலம் பிரித்திருக்கிறார், ஏறியதில்லை. வன இலாகாவில் அனுமதி வாங்க வேண்டுமாம், யார் அலைவது? தங்காக் பக்கம் 1,276 மீட்டர் லெடாங் மலை இருக்கிறதே என்றால் அதற்கும் பதில் உண்டு. கதையில் வரும் அந்த மலை இளவரசி, தன்னைக் கட்டிக்கொள்ள ஆள் அனுப்பிய மலாக்கா சுல்தானிடம் தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும் ஏழு தட்டுக் கொசு ஈரலும் கேட்டவள். "சுல்தானயே வராதேன்னு சொன்ன மலை. நாம எதுக்கு?"

ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். தூரத்தில் இடி முழங்கிவிட்டால் வரலாறு நின்றுவிடும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுவார். தலைகளை எண்ணுவார், சிறுவர்களை நடுவில் விடுவார், தான் கடைசியில் வருவார். அடிவாரம் சேரும்வரை பேச்சே இருக்காது. நீச்சல் குளத்துப் பக்கம், குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பழைய குரல் திரும்பும்.

மழை இல்லாத நாளில் உச்சி உண்டு. அங்கே மரங்களுக்கு நடுவே கொஞ்சம் பட்டணம், மீதியெல்லாம் செம்பனை. "அதோ அந்தத் தோட்டத்துலதான் நான் பொறந்தேன்" என்று விரலை நீட்டுவார். விரல் போகும் திசையில் எல்லாத் தோட்டமும் ஒன்றுபோல் இருக்கும். விருந்தாளி தலையாட்டிவிட்டு செல்ஃபி எடுத்துக்கொள்வார்.

பிறகு நேரே ரயில்வே ஸ்டேஷன். பிரயாணத்துக்கு அல்ல, 1938 முதல் அங்கே நடக்கும் கோப்பிக் கடைக்கு. மலை முழுக்க மூட்டுவலி பேசிக்கொண்டு வந்தவர் இங்கே மேசை பிடிக்க ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். டாக்டர் சொன்னபடி சீனி இல்லாத 'கோப்பி ஓ கோசோங்' கேட்பார். கூடவே, டாக்டர் பெயரெடுத்துச் சொல்ல மறந்துவிட்ட பண்டங்கள்: கரி அடுப்பில் வாட்டிய பன்னுக்குள் வெண்ணெயும் காயாவும், இரண்டு அரைவேக்காட்டு முட்டை, இன்னொரு பன். "மலைக்குப் போயி எடை கூடி வர்ற ஒரே மனுஷன் எங்க வீட்டுக்காரருதான்" என்று ஆன்ட்டி சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

குளுவாங் பக்கம் போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கே ஏறத் தொடங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கயிறு பிடிக்க ஒரு ஜோடி கையுறை, அது போதும். அங்கிள் பத்து நிமிஷம் என்றால் நாற்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பிக்குக் காசு கொடுக்க மட்டும் முயற்சி செய்ய வேண்டாம், விடமாட்டார்.