கரண்ட் வைக்கும் டாக்டர் ஆகலாமா?

புற்றுநோய் சிகிச்சைத் துறையில் ஆர்வம். நல்ல குருநாதர் கிடைக்க வழி?
– இறுதியாண்டு மாணவி, செங்கல்பட்டு

மெயில் அனுப்பிவிட்டு மோட்டுவளையைப் பார்க்காதே, தாயி. ரேடியோதெரபி ஓ.பி.யில் போய் நில். முதல் நாள் “யாரும்மா நீ?” என்பார். அடுத்த நாள் “மறுபடியுமா?” என்பார். மூன்றாம் நாள் கேஸ் ஷீட்டைக் கையில் திணிப்பார். அட்மிஷன் ஆச்சு!

ரேடியாலஜி, ரேடியோதெரபி இரண்டும் ஒன்றுதானே?
– அவளுடைய ரூம்மேட்

இரண்டு பேரும் ஷூட் பண்ணுகிறவர்கள்தான். ஒருவர் படம் எடுப்பார், மற்றவர் குறி பார்த்துச் சுடுவார். கவுன்சலிங்கில் மாற்றிக் கிளிக் செய்துவிடாதே, மூன்று வருஷம் அழணும்.

பிசிக்ஸுக்குப் பயந்துதானே டாக்டருக்கே படித்தேன்!
– மூன்றாமாண்டு, மறைமலைநகர்

விடாது கருப்பு. கோபால்ட்-60க்கு அரை ஆயுள் 5.27 ஆண்டு. இன்றைக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிற சிகிச்சைக்கு, அதே கோபால்ட்டை மாற்றாமல் வைத்திருந்தால், அத்தனை ஆண்டு கழித்து நான்கு நிமிடம். மருத்துவ இயற்பியலாளருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. பாதி சிலபஸ் டம்ளர் காலியாவதற்குள் முடியும்.

சம்பளம் எப்படி?
– ஹவுஸ் சர்ஜன், திருக்கழுக்குன்றம்

1955-ல் டாக்டர் சாந்தாவுக்கு அரசு வேலை கையில் இருந்தது. அதை உதறிவிட்டு, முத்துலட்சுமி ரெட்டி முந்தைய ஆண்டு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார். முதல் மூன்று வருஷம் கௌரவப் பணி. பிறகு மாதம் 200 ரூபாய், வளாகத்திலேயே ஜாகை. 2016-ல் பத்ம விபூஷண். இன்றைய ரேட்டை உன் சீனியரிடம் கேள். நிஜத்தைச் சொன்னால் எனக்கும் சொல்லு.

எத்தனை வருஷம்தான் படிப்பது?
– அதே ஹவுஸ் சர்ஜனின் அப்பா

எம்.பி.பி.எஸ். முடித்து நேரே ரேடியோதெரபி எம்.டி. என்றால் மூன்று. கீமோ டாக்டர் ஆகணுமா? எம்.டி.க்குப் பிறகு டி.எம். இன்னொரு மூன்று. கத்தி பிடிக்கணுமா? எம்.எஸ்., அதற்கு மேல் எம்.சிஎச். பெண் வீட்டாரிடம் மட்டும் மொத்தக் கூட்டலைச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாமே சென்னையில்தானா?
– செய்யூர் வாசகர்

ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மேற்கே திரும்புங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அவரை 1969-ல் கொண்டுபோனதும் இந்த நோய்தான். பஸ் டிக்கெட், நீட் கோச்சிங் ஃபீஸைவிட மலிவு.

கல்பாக்கத்தால் புற்றுநோயாளிக்கு என்ன லாபம்?
– சதுரங்கப்பட்டினம் அன்பர்

இருக்கிறது. 1985-ல் இயங்க ஆரம்பித்த சோதனை ஈனுலையில் இட்ரியத்தை வைத்து ஸ்ட்ரான்சியம்-89 தயாரித்திருக்கிறார்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைக் குறைக்கும் சரக்கு. கால்சியம் வந்திருக்கிறது என்று நம்பி எலும்பு கதவைத் திறக்கும். எலும்புக்கே அல்வா!

‘கரண்ட் வைத்த பாட்டி பேரனைத் தூக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– பயிற்சி மருத்துவர், மதுராந்தகம்

வெளியிலிருந்து பாய்ச்சுகிற கதிர், மெஷினை நிறுத்தியதும் தீர்ந்தது. தூக்கச் சொல், கொஞ்சச் சொல். பாட்டி இருட்டில் மின்ன மாட்டார். கதிரியக்க அயோடின் குடித்தவர்களுக்குத்தான் சில நாள் வேறு சட்டம்.

எனக்கே கதிர் பட்டால்? அம்மா பயப்படுகிறார்.
– கோவளம் மாணவன்

சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் குத்துவார்கள். எவ்வளவு கதிர் பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் கணக்குப் பார்ப்பார்கள். ஐந்தாண்டு சராசரி, வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் தாண்டக்கூடாது. அது கிடக்கட்டும், ஈ.சி.ஆரில் ஹெல்மெட் இல்லாமல் மகாபலிபுரம் போனதை அம்மாவிடம் சொன்னாயா?

ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயர் வருமா?
– அவசரக்காரன், கூடுவாஞ்சேரி

எக்செல் ஷீட்டை மட்டும் நிரப்பினால் நன்றியுரையில் வரும். கேள்வியே உன்னுடையது என்றால் முதலில் வரும். புரொஃபசர் பெயர் எப்படியும் வரும்.

நோயாளி இறந்தால் அழலாமா?
– பெயர் வேண்டாம்

அழு. அடுத்தவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார், முகம் கழுவிவிட்டுப் போ.

வழிகாட்டச் சொல்லி வருகிறார்கள். சர்டிபிகேட் வாங்கியதும் மாயம்!
– பேராசிரியர்

வேடந்தாங்கல் பக்கம் இருந்துகொண்டு இதற்கா அலுத்துக்கொள்வது, ஐயா? பறவைகூட குஞ்சு பொரித்துவிட்டுத்தான் பறக்கிறது. ஆளுக்கு ஒரு நோயாளியை ஒப்படையுங்கள். பயாப்ஸியிலிருந்து ஃபாலோ-அப் வரை அவன் பொறுப்பு. “என் டாக்டர் தம்பி எங்கே?” என்று அந்த அம்மா வார்டு முழுக்கக் கேட்க ஆரம்பித்தால், பயல் எங்கே ஓடுவான்?