வடுவூர் லென்ஸ்காரர்

தஞ்சாவூரில் பணி ஓய்வு பெற்ற அதிகாரிகள் இரண்டு வகை. ஒரு வகை கும்பாபிஷேகக் கமிட்டியில் சேரும். இன்னொன்று 600 எம்.எம். லென்ஸ் வாங்கும். நம்மவர் லென்ஸ்காரர்.

ஐப்பசி பிறந்துவிட்டால் ஞாயிறு விடிவதற்குள் மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரிக்குக் கார் பறக்கும். உடம்பெல்லாம் இலை வரைந்த ராணுவச் சட்டை. பறவை கண்ணில் படாமல் இருக்கவாம். ஏரிக்கரையில் அவர் நிற்பது பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரிகிறது, நாமக்கோழிக்குத் தெரியாதா?

வழியெல்லாம் தாளடிக்குச் சேறடிக்கும் டிராக்டர். பின்னாலேயே கொக்கு, மடையான், நத்தைகுத்தி நாரை எல்லாம் கல்யாணப் பந்திக்கு முந்துகிற மாதிரி முந்தும். நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். குஞ்சில் அது கிடையாது, வளர வளரத்தான் விழும். என்னைக் கேட்டால் காரை நிறுத்தி அதைத்தான் பார்க்க வேண்டும். அவர் நிறுத்த மாட்டார். "அதெல்லாம் காமன் சார்!"

சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் மிராசுதாரைவிட அதிகமாகத் தவிப்பார். "மேட்டூர் எத்தனை அடி?" என்று பால்காரரைக்கூட விடமாட்டார். தண்ணீர் வந்தால்தானே ஏரி நிறையும், ஏரி நிறைந்தால்தானே வாத்து வரும்! கும்பகோணத்து நண்பர் கரைவெட்டியில் எடுத்த வரித்தலை வாத்தை வாட்ஸ்அப்பில் போட்ட அன்று மட்டும் இரவு தூக்கம் கிடையாது. காலையில் தீர்ப்பு வந்துவிடும்: "போட்டோஷாப்."

தை மாதம் இன்னும் மோசம். பொங்கலை ஒட்டி நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது 15 நிமிடம் பார்த்து இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். கீழே பால் பொங்கி எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கூவும்போது, மொட்டை மாடியிலிருந்து குரல் வரும்: "மைனா ஆறு!"

வீட்டம்மாள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வது வடுவூர் கோதண்டராமருக்காக. 1999-ல் சரணாலயமான ஏரி, 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆக அவருக்கு ராம்சர், அம்மாளுக்கு ராமர். "ஏரியை ஒரு சுத்து பாத்துட்டு நேரா கோயில்தான்" என்பது ஒப்பந்தம். அந்த ஒரு சுற்றில் ஒரு கரண்டிவாயன் தலையைத் திருப்பக் காத்திருந்தே வெயில் ஏறிவிடும். அம்மாள் காருக்குள் புளியோதரைப் பொட்டலத்தோடு.

பன்னிரண்டரைக்கு அவர் திரும்பி வருவார்.

"நடை சாத்திட்டாங்க, தெரியுமா?"

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வார். "அதனால என்ன, அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துட்டாப் போச்சு."