முக்கா மணியில பாரிசு

வாய்யா மருமவனே! லீவு முடிஞ்சு லண்டன் போனதும் பாரிசுக்குப் பறக்கப் போறியாமே. "முக்கா மணி நேரந்தான், கண்ண மூடித் தொறந்தா பாரிசு"ன்னு அத்தைகிட்ட அளந்து விட்டியாம். அவளும் வாயப் பொளந்துட்டா.

நீ சொன்னதுல பொய்யில்ல. லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கும் பாரிசு சார்ல் த கோல் ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டுல சுமாரா 350 கிலோமீட்டர். ஆகாயத்துல இருக்கப் போறது முக்கா மணியும் கூடக் கொஞ்சமும். ஆனா டிக்கெட்டுல ஒண்ணேகா மணின்னுல்ல போட்டிருப்பான்? மிச்சம் எங்கய்யா போச்சு? ப்ளேன் நின்ன எடத்த விட்டு நகந்ததுல இருந்து, அங்க போயி நிக்கிற வரைக்கும் அவன் கணக்கு. ஹீத்ரோவுல இருக்கிறது ரெண்டே ரன்வே. முன்னால நிக்கிறவன் எல்லாம் கெளம்புன பெறகுதான் ஒனக்கு வழி. பாரிசுல எறங்குனாலும் டெர்மினல் வரைக்கும் ஊர்ந்து போகணும். இதுக்கெல்லாம் முன்கூட்டியே நேரத்தச் சேத்துப் போட்டுட்டு, 'சொன்ன நேரத்துக்குக் கொண்டாந்துட்டோம்'னு மைக்குல பெருமை அடிச்சுக்குவான். வெவரமான ஆளுக!

சரி, ஒன் கணக்கப் பாப்போம். ரெண்டு மணி நேரம் முந்தியே வரச் சொல்லுவான். பெல்ட்டக் கழட்டும்பான், பையத் தொறம்பான். அங்க எறங்குனா பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரிசை. வெளிய வந்தா, பாரிசு இன்னும் 25 கிலோமீட்டர். ரயில்ல அரை மணி. ஒரு நிமிசம் சாமியப் பாக்க நாலு மணி நேரம் தர்ம தரிசனத்துல நின்ன பயதான நீ, தாங்கிக்குவ.

"ரயிலு இருக்கே மாமா"ன்னு கேப்ப. இருக்கு. லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் ஸ்டேஷன்ல ஏறி, கடலுக்கு அடியில பூந்து, பாரிசு கார் து நோர் ஸ்டேஷன்ல எறங்க ரெண்டேகா மணிக்குக் கொஞ்சம் கூட. ஏறுறதும் நடு ஊரு, எறங்குறதும் நடு ஊரு. ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் சோதனையும் ஏறுறதுக்கு முன்னாலயே முடிஞ்சிரும். ஆனா ஒனக்கு அது வேண்டாம்யா. சுரங்கத்துக்குள்ள எந்த றெக்கையப் போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ்ல போடுவ?

இன்னொரு சூட்சுமம், யாருகிட்டயும் சொல்லிராத. பாரிசு கடிகாரம் லண்டனுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுது. போறப்ப காலையில 9 மணிக்குக் கெளம்புனா 11.15-க்கு எறங்குவ. திரும்புறப்ப 9 மணிக்குக் கெளம்புனா 9.15-க்கே வந்துரலாம். அதனால புத்தியுள்ளவன் போகவே கூடாது, வர மட்டுந்தான் செய்யணும்.

என்ன, அதுக்குள்ள எந்திரிச்சிட்ட? ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போ. லண்டன் விசா பாரிசுல செல்லாதாம். நம்ம பாஸ்போர்ட்டுக்குத் தனியா ஷெங்கன் விசா வேணுமாம். அதுக்கு அப்பாயின்மென்ட் கெடைக்க எத்தன நாளாகும்னு அந்த டிக்கெட்டுல போட்டிருக்கானா, பாத்துச் சொல்லு.