கதிரையின் சரித்திரம்

தவிசு என்றால் கதிரை. தவிசாளர் என்றால் கதிரைக்காரர். முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்புப் பிரதேச சபையின் பழைய கதையை எழுத உட்கார்ந்தால், ஆளை விட்டுவிட்டுக் கதிரையைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஆள் வந்து சேர்ந்ததே கடைசி அத்தியாயத்தில்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பெல்ஜியத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஊர் எவ்வளவு சின்னதென்றாலும் அதற்கொரு மேயர் உண்டு. விசேஷ நாட்களில் கறுப்பு, மஞ்சள், சிவப்பில் பட்டி கட்டிக்கொண்டு வருவார். 2010, 2011இல் அந்த நாட்டுக்கே 541 நாள் முறையான அரசாங்கம் அமையவில்லை. மேயர்மார் தங்கள் பாட்டில் ஊர்களை ஓட்டினார்கள். அரசாங்கம் அமைக்கிற இழுபறியில் ஈராக்கை முந்திவிட்டோம் என்று இடையில் தெருவில் இலவசமாக உருளைக்கிழங்குப் பொரியல் வேறு கொடுத்தார்கள்.

இதற்கே பொரியலா? எங்கள் கணக்குக்கு மாடு அடித்து விருந்து வைத்திருக்க வேண்டும்.

1981இல் கிராம சபைகளைக் கலைத்து, ஊருக்கூர் இருந்த சேர்மன்மாரை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. பிறகு 1987இல், 15ஆம் இலக்கச் சட்டம் போட்டுப் பிரதேச சபை என்றொரு கதிரையைச் செய்தது. அதே வருஷம் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது, இந்திய இராணுவமும் வந்தது. இராணுவம் 1990இல் திரும்பிப் போனது. தேர்தல் மட்டும் வந்த பாடில்லை. அதற்குப் பிறகு வன்னியில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ஆட்சி. காவல்துறை இருந்தது, நீதிமன்று இருந்தது, வங்கிகூட இருந்தது. புள்ளடி போடுகிற வேலை மட்டும் எவருக்கும் இருக்கவில்லை.

2009இல் யுத்தத்தோடு ஊரே எழும்பிப் போனது. அந்த வருஷத்தில் பகிடி விட எனக்கு வாய் வராது.

2011இல் மற்ற ஊர்களில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. இங்கே கண்ணிவெடி எடுத்து முடியவில்லை, சனமும் வந்து முடியவில்லை என்று தள்ளிவைத்தார்கள். நியாயம்தான். ஆனால் சனம் வந்து, கூரை போட்டு, வைத்த கத்தரி காய்த்த பிறகும் தேர்தலைக் காணவில்லை. கடைசியில் 2018 பெப்ரவரி 10ஆம் திகதி கதிரைக்கு வழி பிறந்தது. சட்டம் வந்து சுமார் 11,000 நாள். பெல்ஜியத்தின் சாதனையை இருபது தடவை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் பாருங்கள்.

இவ்வளவு காத்திருந்து ஏறுகிறவருக்கு என்ன கிடைக்கும்? தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம். வீதியில் குழி விழுந்தால் முதலில் அதன் சாதகம் பார்க்கவேண்டும். ஏ-35 பெருந்தெருவில் விழுந்தது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் குழி. வேறு சில வீதிகளில் விழுந்தது மாகாணத் திணைக்களத்தின் குழி. ஒழுங்கைக்குள் விழுந்ததுதான் தவிசாளரின் சொந்தக் குழி. ஏச்சு மட்டும் மூன்று குழிக்கும் அவருக்கே. போதாததற்கு வருஷ முடிவில் பாதீடு வரும். கை உயர்த்துகிற உறுப்பினர் குறைந்தால் கதிரைக் கால் ஆடத் தொடங்கும்.

ஆட்டம் முடியுமுன் 2023 மார்ச்சில் சபைகளின் காலமே முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரியில் காசில்லையாம். யுத்தம் இல்லை, கண்ணிவெடி இல்லை, காசும் இல்லை! தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. 2025 மே 6ஆம் திகதி சனம் மறுபடி புள்ளடி போட்டது. இடையில் இரண்டு வருஷம் செயலாளர் கையெழுத்தில் ஊர் ஓடியது. கதிரைக்கு இது புதிதல்ல. தனியே இருந்து பழகிய கட்டை.

ஆள் வந்ததும் காத்திருந்த கோப்புகளில் ஒன்று கட்டாக்காலி மாடு. பொழுதுபட்டால் தார் சூட்டுக்குப் பெருந்தெருவில் வந்து படுத்து அசைபோடும். பிடித்து அடைத்துக் குற்றப்பணம் வாங்குவது சபையின் பொறுப்பு. ஆகவே எங்கள் ஆளுக்கும் பெல்ஜியத்து மேயருக்கும் பெரிய வித்தியாசமில்லை. அவர் பட்டி கட்டுகிறார், இவர் பட்டியில் கட்டுகிறார்.