நாவலூருக்குப் பட்டன் இல்லை

(சென்னையை ஒட்டிய நாவலூர், ஓ.எம்.ஆர். ஓரத்து அடுக்ககம். விடியற்காலை. லாரி ஹோஸ் சம்ப்புக்குள் கிடக்கிறது. லேப்டாப்போடு குடியிருப்போர் சங்கச் செயலாளர். டயர்மேல் கால் போட்டபடி தண்ணி லாரி ஓட்டுநர்.)

செயலாளர்: அண்ணே, பாருங்க, எங்க கம்பெனி டெமோ. மழை, வரத்து, ஏரி மட்டம் எல்லாம் கணக்குப் போட்டு எந்த மதகை எப்போ திறக்கணும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும்.

ஓட்டுநர்: சொல்லட்டும் சார். திறக்கறது யாரு?

செயலாளர்: அதிகாரிங்கதான். இது யோசனை மட்டும் சொல்லும்.

ஓட்டுநர்: 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரியிலேருந்து ராத்திரியோட ராத்திரியா செகண்டுக்கு 29,000 கன அடி அவுத்து வுட்டாங்களே, அன்னிக்கு யோசனைக்கா பஞ்சம்? மனுசங்களால வந்த பேரிடர்னு சிஏஜியே எழுதிட்டாங்க.

செயலாளர்: அதனாலதானே 2019ல பள்ளிக்கரணை கடலோர ஆய்வு மையம் சி-ஃப்ளோஸ் கொண்டுவந்தது! எங்கெங்க வெள்ளம் நிக்கும்னு முன்கூட்டியே காட்டும்.

ஓட்டுநர்: அதே வருசம் ஜூன்ல நிக்கறதுக்குத் தண்ணியே இல்லியே சார். ஏரிங்க காஞ்சுபோயி, கம்பெனிங்க வீட்லேருந்தே வேலை பாருன்னுச்சு. வீட்ல மட்டும் தண்ணி இருந்துச்சா? ஜூலையில ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல வந்துச்சு, 50 வேகன், 25 லட்சம் லிட்டர்.

செயலாளர்: சரியான தரவு இல்லாத குறைதான்.

ஓட்டுநர்: தரவா? (சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுக்கிறார்.) பி பிளாக்ல கல்யாணம், ரெண்டு லோடு கூட. பொங்கலுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போவாங்க, மூணு லோடு கம்மி. உங்க வாட்ச்மேன் சம்ப்புல கம்பு வுட்டுப் பார்ப்பாரு. ஈரம் ஒரு முழத்துக்குக் கீழ போனா மிஸ்டு கால். இதுவரைக்கும் தப்புனதில்ல.

செயலாளர்: அது சின்ன அளவு. நாங்க மொத்த நெட்வொர்க்கையும்...

ஓட்டுநர்: அதுல நாவலூர் எங்க?

செயலாளர்: (திரையைத் தேய்த்தபடி) செம்மஞ்சேரியோட மாநகராட்சி எல்லை முடியுது. அதுக்கப்புறம்... வெள்ளையா இருக்கு.

ஓட்டுநர்: கோவளத்துக்கு அந்தாண்ட நெம்மேலியில கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கறாங்க. 2013லேருந்து தினம் 10 கோடி லிட்டர் ஆலை, 2024ல இன்னொண்ணு 15 கோடி. எல்லாம் வடக்கால சிட்டிக்குப் போவுது. நடுவுல நமக்கு ஒரு குழாய் இறக்கலாமான்னு உங்க பொட்டியக் கேளுங்களேன்.

செயலாளர்: அது கொள்கை முடிவுண்ணே. அதுக்குப் பட்டன் கிடையாது.

ஓட்டுநர்: அப்ப நான் எடுக்கற தண்ணிக்காவது இருக்கா? தையூர்ப் பக்கம் வயக்கிணறு. மோட்டாரைப் போட்டா 12,000 லிட்டர் ரொம்பற வரைக்கும் ஓடும். ஒரு நாளைக்கு எத்தினி லாரி உறிஞ்சுதுன்னு கிணத்துக்காரருக்கே தெரியாது. மீட்டரே இல்ல.

செயலாளர்: அதெப்படி? நிலத்தடி நீருக்குத் தமிழ்நாடு பூராவுக்கும் ஒரு சட்டம் இருக்கணுமே!

ஓட்டுநர்: இருந்துச்சு சார். 2003ல போட்டாங்க. அமலுக்கே வராம 2013ல ரத்து பண்ணிட்டாங்க.