ரோஜாப்பூ அனுப்ப ஒரு ராக்கெட்

2023-ல் வந்த ஐபோன் 15 புரோவின் ஏ17 புரோ சிப்பில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள். பக்கத்து வீட்டு மாமா அவற்றிடம் வாங்கும் வேலை: விடிகாலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’, அதையே நான்கு குடும்பக் குழுக்களுக்கு ஃபார்வர்டு.

மளிகைக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வங்கி சர்வர் படுத்துக்கொண்டால் எந்தச் சிப் எழுப்பும்? “புது போனாச்சே சார்!” என்கிறார் கடைக்காரர், கண்ணாடி விரிசல் விட்ட தன் பழைய போனில் கணக்கைப் பார்த்தபடி.

கேம் ஆடும் பேரனுக்கும், 4கே வீடியோ எடிட் செய்கிறவருக்கும் வேகம் வேண்டும்தான். மாமாவுக்கு வேண்டியது பெரிய எழுத்தும் சாயங்காலம்வரை தாங்கும் பேட்டரியும். போதாததற்கு, எந்தச் சிப்பும் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாமாவோ மே மாத மொட்டை மாடியில் வடாம் காவலுக்கு உட்கார்ந்து சீரியல் பார்ப்பவர்.

இஎம்ஐ இன்னும் முடியவில்லை. அடுத்த மாடல் எப்போது வருகிறதாம் என்று நேற்றே விசாரித்துவிட்டார்.